ரங்கூன்ல போட்டோ எடுக்க உச்சி வெயில்தான் நேரம்

ரங்கூனுக்கு கேமராவோட வர்றவங்க பெரும்பாலும் ஒரே மாதிரிதான் பண்றாங்க. காலைல அஞ்சரைக்கு எந்திரிச்சு ஷ்வேடகோன் தங்கப் பகோடாவுக்கு ஓடுவாங்க, எட்டு மணிக்குள்ள ஸ்ட்ராண்ட் ரோடு பக்கம் வரிசையா நிக்கிற வெள்ளக்காரன் காலத்துக் கட்டடத்தையெல்லாம் எடுத்து முடிச்சிருவாங்க, பத்து மணிக்கு வெயில் ஏறிருச்சுன்னு ரூமுக்குப் போய் ஏசியப் போட்டுப் படுத்துட்டு சாயங்காலம் நாலு மணிக்குத்தான் திரும்ப வெளிய தலைய காட்டுவாங்க. போட்டோ எடுக்கச் சொல்லிக்குடுக்கிற யூடியூப் வீடியோ எல்லாம் அப்படித்தானே சொல்லுது, உச்சி வெயில் ஆகாது, கண்ணுக்குக் கீழ நிழல் கறுப்பா விழும், மூஞ்சி நல்லா வராதுன்னு. எங்க ஊர்ல பேருக்குப் பதிலா நம்பர் வச்ச சின்னத் தெருவுங்க உண்டு, அந்த நம்பர் தெருவுக்கு இது அப்படியே தலைகீழ். அங்க பகல் பதினொன்றரைக்குத்தான் கடையே திறக்குது, வெளிச்சத்தோட கடைய சொல்றேன்.

இதை எனக்குக் காட்டிக்குடுத்தது என் கூட்டாளிதான். பேர் போடாதன்னு சொல்லிட்டான், இந்தக் காலத்துல அவன் சொல்றதும் நியாயம்தான், அதனால மாப்ளன்னே எழுதுறேன். நேர்லயும் நான் அப்படித்தான் கூப்பிடுவேன், அவன் என்னை மச்சான்பான், சொந்தம்னு பாத்தா ரெண்டு பேருக்கும் ஒண்ணும் கிடையாது. அவங்க பாட்டனார் கீழக்கரைப் பக்கத்துல இருந்து வந்தவர், எங்க தாத்தா புதுக்கோட்டைப் பக்கம். அவன் ஒரு பிரிண்டிங் கடைல வேலை பாக்குறான், கல்யாணப் பத்திரிகை, பேனர், கடை போர்டு எல்லாம் அடிக்கிற கடை. நான் பயின்னவுங் மண்டில உளுந்து, துவரை, பச்சைப்பயறு மூட்டைக்குக் கணக்கு எழுதுறவன். (தமிழ்நாட்டுல உக்காந்து இதைப் படிக்கிறவங்க காலைல சாப்பிட்ட இட்லில எங்க ஊர் உளுந்து இருக்க நல்ல வாய்ப்பு இருக்கு, இந்தியா வெளிய இருந்து வாங்குற உளுந்துல பெரும்பங்கு இங்க இருந்துதான் போகுது.) ஞாயித்துக்கிழமை ரெண்டு பேருக்கும் லீவு. நடப்போம், எடுப்போம், டீ குடிப்போம், சண்டை போடுவோம்.

வெயில் கதைக்கு வர்றதுக்கு முன்னாடி ஊர் எப்படி அமைஞ்சிருக்குன்னு கொஞ்சம் சொல்லணும், அது தெரியாம இது புரியாது. 1852-ல ரெண்டாவது பர்மா யுத்தத்துல இங்கிலீஷ்காரன் ரங்கூனைப் பிடிச்சதும் புதுசா ஒரு நகரம் கட்டணும்னு முடிவு பண்ணினான். மாண்ட்கோமரின்னு ஒரு ராணுவ டாக்டர் முதல்ல ஒரு யோசனை குடுத்தார், அலெக்சாண்டர் பிரேசர்னு இன்ஜினியர் படையில இருந்த ஒரு லெப்டினன்ட் அதை எடுத்து, சூலே பாயாங்கிற பகோடாவை நடுவுல வச்சு, ஆத்தங்கரையை ஒட்டி கோடு போட்ட நோட்டு கணக்கா கட்டம் கட்டமா வரைஞ்சு குடுத்தார். பெரிய ரோடு 100 அடி, நடுத்தரம் 50 அடி, சின்னத் தெரு 30 அடி அகலம். அந்த 30 அடித் தெருவுக்கெல்லாம் பேரே வைக்கல, நம்பர்தான். ஆத்துக்கு இணையா கிழக்கு மேற்கா போறது எல்லாம் பெரிய ரோடு, ஆத்தைப் பாத்து வடக்கு தெற்கா இறங்குறதுல பெரும்பாலானது நம்பர் தெரு. அப்போ இந்த இடம் பூரா சேறு, மண்ணைக் கொட்டி மேடாக்கணும், அதுக்குக் காசு வேணும், அதனால நிலத்தை மனை மனையா பிரிச்சு வித்து அந்தக் காசுலதான் ஊரை மேடாக்கினாங்க. மனை எவ்வளவு ஒடுக்கமா இருக்கோ அவ்வளவு மனை விக்கலாம்ல. அதான் இன்னைக்கும் எங்க வீடெல்லாம் முகப்பு குறுகி உள்ள ரயில் பெட்டி கணக்கா நீண்டு கிடக்கு.

அந்த 30 அடித் தெருவுல பின்னாடி வந்தவங்க ரெண்டு பக்கமும் ஆறு மாடி ஏழு மாடின்னு ஏத்திட்டாங்க. லிஃப்ட் கிடையாது, தெருவுல இருந்தே செங்குத்தா ஒரு மரப்படியோ சிமெண்டுப் படியோ நேரா மேல போகும். இப்போ யோசிச்சுப் பாருங்க, வடக்கு தெற்கா ஓடுற ஒடுக்கமான தெரு, ரெண்டு பக்கமும் உசந்த சுவர். காலைல கிழக்க இருந்து வர்ற வெயில் தெருவுக்குள்ள இறங்கவே முடியாது, எதிர்ப்பக்க மொட்டைமாடில மட்டும் மஞ்சளா ஒரு கோடு தெரியும். சாயங்காலமும் அதே கதை. நடுப்பகல்ல சூரியன் மேல வந்தாத்தான் தரைக்கு வெயில் வரும். அதுவும் டிசம்பர் ஜனவரில சூரியன் தெக்க சாஞ்சு இருக்கிறதால ஆத்துப் பக்கத்துல இருந்து தெருவோட நீளத்துக்கே வெயில் உள்ள வருது பாருங்க, அப்போ பால்கனி இரும்புக் கம்பியோட நிழல், கொடில தொங்குற லுங்கியோட நிழல், டிஷ் ஆன்டெனா நிழல் எல்லாம் ரோட்டுல கோலம் போட்டு நகரும். மே மாசம் முதல் வாரத்துலயும் ஆகஸ்ட் ஆரம்பத்துலயும் சூரியன் எங்க ஊர் உச்சந்தலைக்கு நேரா நிக்கும், ஆளோட நிழல் அவன் காலுக்கு அடியிலயே சுருண்டு கிடக்கும். ஆகஸ்ட்ல மழை மேகம் விட்டாத்தான் அதைப் பாக்க முடியும்.

இன்னொரு விஷயம், வெயில் விழுற பக்கத்தை விட விழாத பக்கம்தான் மாப்ளைக்குப் பிடிக்கும். எதிர்ச் சுவர்ல பட்டுத் தெறிச்சு வர்ற வெளிச்சம் நிழல்ல உக்காந்திருக்கிறவங்க மூஞ்சில மெத்துனு விழும். ஆனா சுவரோட கலர் அதுல கலந்துரும், பச்சை பெயிண்ட் அடிச்ச வீட்டுக்கு எதிர்ல நின்னா ஆள் காமாலை வந்தவன் கணக்கா வருவான். அதனால அவன் முதல்ல ஆளைப் பாக்க மாட்டான், எதிர்ச் சுவரைப் பாப்பான். வெள்ளையோ சந்தனக் கலரோ இருந்தா அங்கேயே நின்னுருவான். ஒரு ஆள் வர்ற வரைக்கும் நிப்பான். நான் கால் மாத்தி கால் மாத்தி நின்னுக்கிட்டே "வாடா போலாம்"னு சொல்லிக்கிட்டு இருப்பேன்.

அப்போ காலைல என்ன பண்றதுன்னு கேட்டா, காலைல பெரிய ரோடு. பிரேசர் தெருன்னு எங்க வீட்டுப் பெருசுங்க இன்னும் சொல்ற அனோரத்தா ரோடு, டல்ஹவுசின்னு சொல்ற மகாபந்துலா ரோடு, இது ரெண்டும் கிழக்கு மேற்கா போறதால காலை வெயில் ரோட்டு நீளத்துக்கு அடிக்கும், பஸ் புகையும் தோசைக்கல்லு ஆவியும் அதுல தெரியும். போன ஜனவரில ஒரு ஞாயித்துக்கிழமை அப்படித்தான் காளி கோயில்கிட்ட ஆரம்பிச்சோம். 1871-ல நம்ம ஆளுங்க கட்டின கோயில், கோபுரம் பூரா பொம்மை, அடிக்கிற கலர்ல பெயிண்ட், போட்டோ எடுக்கிறவனுக்கு அதுவே பெரிய தொந்தரவு, எதை எடுத்தாலும் பின்னாடி அது வந்து கத்தும். வாசல்ல பூக்கட்டுற அம்மாகிட்ட எங்க அம்மா காலத்துல இருந்து பழக்கம். கன்னத்துல தனக்கா, அதான் மரப்பட்டைய அரைச்ச சாந்து, பூசின பர்மாக்காரப் பொண்ணுங்க தேங்காய்த் தட்டோட வரிசைல நிக்கிறதை வெளியூர்க்காரங்க ஆச்சரியமா எடுப்பாங்க, எங்களுக்கு அதுல ஆச்சரியம் ஒண்ணும் இல்ல. காளி எல்லாருக்கும் காளிதான், பரீட்சை வந்தா யார் வேணும்னாலும் வருவாங்க.

டீக்கடைய விட முடியாது. பிளாட்பாரத்துல முழங்கால் உசரத்துக்கு பிளாஸ்டிக் ஸ்டூல், பையனைக் கூப்பிட உதட்டைக் குவிச்சு முத்தம் குடுக்கிற சத்தம் போடணும், சென்னைல இருந்து வந்த என் சித்தப்பா மகன் அதைக் கேட்டு வெக்கப்பட்டுட்டான். எனக்கு சோசேய்ன், பாலும் சீனியும் தூக்கலா. அவனுக்கு பொஜா, சீனி கம்மி, சாயம் கடுப்பு. ஒரு பலாத்தா, பிச்சுப் போட்டு மேல வெந்த கடலை. எங்க சண்டை எல்லாம் இங்கதான் நடக்கும். நான் மேல பாத்து எடுக்கிறவன், முகப்பு, வளைவு, கட்டடத்து நெத்தியில எழுதியிருக்கிற வருஷம், இனிஷியல், இதெல்லாம். அவன் பிளாட்பாரத்துக்கு மேல கேமராவைத் தூக்கவே மாட்டான். "கட்டடத்தை எவனும் எடுப்பான் மச்சான், ஆளை எடு"ம்பான். அவன் சொல்றதுல பாதிதான் சரின்னு என் கட்சி.

டீக்கடைய விட்டு 26-வது தெருவுக்குள்ள திரும்பினோம். இங்க காலைல காய்கறிச் சந்தை, கீரையும் மீனும் தரையில, அது கலைஞ்சதும் பெயிண்டுக் கடைங்களும் இரும்புச் சாமான் கடைங்களும் திறக்கும். பெயிண்டு டின்னு அடுக்குக்கு நடுவுல ஒரு நீலமும் வெள்ளையுமான வளைவு வாசல், அதுதான் யூதர் ஆலயம், முஸ்மியா யெசுவா, இப்போ இருக்கிற கட்டடம் 1890-கள்ல கட்டினது. ஒரு காலத்துல இந்த ஊர்ல ரெண்டாயிரத்துக்கும் மேல யூதர் இருந்தாங்க, இப்போ சில குடும்பம்தான் மிச்சம். கோயில்ல இருந்து இங்க வர பொறுமையா நடந்தாலும் ஒரு பீடி குடிக்கிற நேரம்தான். பள்ளிவாசல் எந்தப் பக்கம் திரும்பினாலும் இருக்கு, சூரத்துல இருந்து வந்த சூர்த்திக்காரங்க கட்டினது, மொகலாயங்கன்னு இங்க சொல்ற பாரசீக வழி ஷியாக்காரங்க கட்டினது, சூலியான்னு நம்ம தமிழ் முஸ்லிம்கள் கட்டினது. மாப்ளைக்கு வெள்ளிக்கிழமை சூலியா பள்ளிதான்.

நம்பர் தெருவுக்குள்ள நாங்க நடக்கிற முறை ரொம்ப லேசு. ஒரு தெருவ மேல் பிளாக்ல ஆரம்பிச்சு நடு பிளாக், கீழ் பிளாக்னு ஆத்தங்கரை வரைக்கும் இறங்குவோம், ஒரே தெரு, குறுக்க எங்கயும் திரும்புறது இல்ல. அன்னைக்கு நடு பிளாக்ல ஒரு வீட்டு வாசல்ல மாப்ள நின்னுட்டான். மேல பாத்தா நாலாவது மாடி பால்கனில இருந்து ஒரு நைலான் கயிறு தொங்குது. எங்க ஊர்ல இது எல்லா வீட்டுலயும் உண்டு. லிஃப்ட் இல்லாத ஊர்ல யாரு ஒரு பேப்பருக்காக நாலு மாடி இறங்கி ஏறுவா. கயித்தோட மேல் நுனி வீட்டுக்குள்ள ஒரு சின்ன மணில கட்டியிருக்கும், கீழ் நுனில ஒரு கிளிப்பு, பேப்பர்க் கட்டைக் கவ்வுற பெரிய கறுப்புக் கிளிப்பு. பேப்பர்காரன் வந்து கயித்த ஒரு இழுப்பு இழுத்தா மேல மணி அடிக்கும், பேப்பரைக் கிளிப்புல மாட்டிட்டு அவன் போயிருவான், மேல இருந்து சுருட்டிக்குவாங்க. மீன் குழம்பு ஊத்தின நூடுல்ஸ், மொய்ங்கான்னு சொல்லுவோம், அதுவும் இப்படித்தான் ஏறும், முதல்ல காசு பையில இறங்கும், அப்புறம் சூடா குழம்பு ஒரு பையில, நூடுல்ஸ் ஒரு பையில, எலுமிச்சம்பழத் துண்டும் கொத்தமல்லியும் தனியா ஒரு குட்டிப் பையில. பழைய வீட்டுக் கயித்துல பாத்தீங்கன்னா அடியில ஒரு முழம் மட்டும் கறுப்பா, வழவழன்னு இருக்கும், கை பட்டுப் பட்டு. அதுக்கு மேல வெயில்ல வெளுத்த நீலம். மாப்ள அந்த ஒரு முழத்தை மட்டும் எடுத்தான், கிளிப்போட, பின்னாடி சுவர் காரை உரிஞ்சு உள்ள செங்கல் தெரியுற இடத்துல. எனக்குத் தெரிஞ்சு அவன் எடுத்ததுலயே அதுதான் நல்ல படம். அதுல ஆளே இல்லடான்னு சொன்னேன். கயித்தப் பிடிச்சவன் அத்தனை பேரும் அதுல இருக்கான்னு சொல்லி வாயை அடைச்சிட்டான்.

ஆளை எடுக்கிறதுன்னா கேட்டுட்டுத்தான். "தாட்பொன் யைக்லோ யாலா", அதாவது போட்டோ எடுக்கலாமான்னு பர்மால கேட்டா நூத்துக்குத் தொண்ணூறு பேர் சிரிச்சுக்கிட்டே தலையாட்டிருவாங்க, சிரிச்சதுமே படம் போச்சு, அது வேற கதை. மாப்ள அதுக்கு ஒரு வழி வச்சிருக்கான், கேட்டுட்டு எடுக்க மாட்டான், பக்கத்துல உக்காந்து பேச ஆரம்பிச்சிருவான், விலை கேப்பான், ஊர் கேப்பான், அவங்க கேமராவை மறந்தப்புறம் எடுப்பான். மதிய நேரம் இதுக்கும் தோதா இருக்கு. காலைல எல்லாருக்கும் அவசரம். பன்னெண்டு மணிக்கு யாருக்கும் எங்கயும் போக வேண்டியது இல்ல, கரண்ட் வேற முறை வச்சுத்தான் வருதா, வீட்டுக்குள்ள வேகுதுன்னு பாதித் தெரு வாசப்படில வந்து உக்காந்திருக்கும். பிளாட்பாரத்துல ஜெனரேட்டர் ஓடும், அது பக்கத்துலயே ஒருத்தர் தூங்குவார். பைக் ஓட்ட நகரத்துக்குள்ள தடை இருக்கிறதால தெருவுல நடக்கிறவனுக்கும் சைக்கார், அதான் பக்கத்துல சீட்டு வச்ச சைக்கிள், ஓட்டுறவனுக்கும் கொஞ்சம் நிம்மதி, இந்த விஷயத்துல மாண்டலேய விட நாங்க எவ்வளவோ தேவலை.

இப்போ என் பக்கத்து நியாயத்தையும் சொல்லிக்கிறேன். எங்க ஊர்க் கட்டடத்துல தரைத்தளம் மாறிக்கிட்டே இருக்கும், மொபைல் கடை, பேங்க், பப்பிள் டீ, எல்லாத்துக்கும் மேல ஒரு பெரிய பிளாஸ்டிக் போர்டு. அந்த போர்டுக்கு மேல பாத்தீங்கன்னா நூறு வருஷத்துக்கு முந்தின ஊர் அப்படியே இருக்கும். ஷ்வேபொந்தா தெரு, அதான் பழைய மொகல் தெரு, அங்க நடந்தா நான் கழுத்து வலிக்க மேலயே பாப்பேன். நகரத்தார் கடைங்க, கிட்டங்கி எல்லாம் இருந்த தெரு. இங்க உக்காந்து எழுதின கடன் கணக்குதான் ஐராவதி டெல்டா பூரா நெல் விளைய வச்சது, 1930-கள்ல நெல் விலை விழுந்து கடன் திரும்பாமப் போனப்போ அதே கணக்குதான் நிலத்தையும் கொண்டுவந்துச்சு. கீழ்ப் பர்மாவோட முக்கியமான 13 நெல் மாவட்டத்துல 1930-ல நூத்துக்கு 6 பங்கு நிலம் செட்டியார்கள்கிட்ட இருந்துச்சு, 1938-ல அது 25 பங்கு. பர்மாக்காரனுக்கு எப்படி இருந்திருக்கும். இதைச் சொன்னா நம்ம ஆளுங்களுக்கே கோவம் வரும், ஆனா மொகல் தெரு முகப்பைப் படம் எடுத்துட்டு ஆகா என்ன கலைன்னு மட்டும் சொல்லிட்டுப் போனா அது பொய்யாப் போயிரும்னு நினைக்கிறேன்.

1931 கணக்கெடுப்புல இந்த ஊர்ல நாலு லட்சம் பேர், அதுல பாதிக்கு மேல இந்தியா பக்கத்துல இருந்து வந்தவங்க. 1941 டிசம்பர்ல ஜப்பான்காரன் குண்டு போட்டதும் லட்சக்கணக்குல நடந்தே கிளம்பினாங்க, மிச்சம் இருந்தவங்கள்ல 1964-ல கடையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கிட்டப்போ லட்சக்கணக்குல கப்பல் ஏறிட்டாங்க. சென்னை பர்மா பஜாரும் அங்க வண்டில விக்கிற அத்தோ நூடுல்ஸும் அவங்க கொண்டுபோனதுதான். எங்க தாத்தா போகல. ஏன் போகலன்னு கேட்டா பாட்டி ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு காரணம் சொல்லும்.

போட்டோன்னு வந்ததால ஒரு பழைய கதை. ட்ரைப்னு மெட்ராஸ் ராணுவத்துல இருந்த ஒரு கேப்டன் 1855-ல பர்மா ராஜாவைப் பாக்கப் போன தூதுக்குழுவோட வந்து பாகன், அமரபுரா, ரங்கூன் எல்லாம் படம் எடுத்தார். மெழுகு தடவின பேப்பர் நெகட்டிவ். அதுக்கப்புறம் மெட்ராஸ் சர்க்கார் அவரையே போட்டோகிராபரா போட்டு 1858 வாக்குல மதுரை, தஞ்சாவூர், ஸ்ரீரங்கம், புதுக்கோட்டைன்னு அனுப்புச்சு. தஞ்சாவூர்ப் பெரியகோயில் சுவர்க் கல்வெட்டை 21 படமா எடுத்து ஒட்டி 19 அடி நீளத்துக்கு நீட்டி வச்சிருக்கார். எங்க தாத்தா ஊரையும் என் ஊரையும் ஒரே கேமராக்காரர் எடுத்திருக்கார்னு தெரிஞ்சப்போ எனக்கு ரொம்ப சந்தோஷம், மாப்ளைகிட்ட போன்ல காட்டினேன். அவன் விரலால பெருசாக்கிப் பெருசாக்கிப் பாத்துட்டு "ஊர்ல ஆளே இல்லையே மச்சான்"னான். இருந்திருப்பாங்கடா, அந்தக் காலத்துல ரொம்ப நேரம் திறந்து வைக்கணும், நடக்கிறவன் விழவே மாட்டான்னு விளக்கம் சொன்னேன். "அப்போ தெருவுல வேலை செஞ்சவன் எவனும் விழல, சும்மா நின்ன கட்டடம் மட்டும் விழுந்திருக்கு"ன்னு திரும்ப அவன் கட்சிக்கே கொண்டு வந்துட்டான். அப்புறமா ரங்கூன்ல கடை வச்சிருந்த அகூஜா கலர் போஸ்ட்கார்டு போட்டார், அதுல ஆளுங்க நிறைய இருக்காங்க, ஆனா எல்லாரும் அசையாம நிக்க வச்ச ஆளுங்க.

கருவி பத்திக் கேக்குறவங்களுக்கு: இப்போ ரெண்டு பேரும் பெரும்பாலும் போன்லதான் எடுக்கிறோம். இந்த ஊர் ஃபிலிம்ல இருந்து நேரா போனுக்குத் தாவின ஊர். ஒரு காலத்துல சிம் கார்டு விலைய டாலர்ல ஆயிரக்கணக்குல சொல்லுவாங்க, 2014-ல வெளிநாட்டுக் கம்பெனிங்க வந்ததும் எங்க ஊர்க் காசு 1,500 சாட்டுக்கு பெட்டிக்கடைல விக்க ஆரம்பிச்சிட்டாங்க, ஒரே வருஷத்துல எல்லார் கையிலயும் கேமரா. மகாபந்துலா பூங்காவுலயும் ஷ்வேடகோன்லயும் ஆல்பத்தைக் காட்டிக்கிட்டு "ஒரு போட்டோ எடுத்துக்கோங்க"ன்னு சுத்திக்கிட்டு இருந்தவங்க பொழப்பு அதோட படுத்துருச்சு. மாப்ளைகிட்ட ஒரு பழைய நிக்கான் இருக்கு, 50 எம்எம் லென்ஸ், வீட்டுல டவல் சுத்தி வச்சிருக்கான். 2021 பிப்ரவரில ராணுவம் ஆட்சியப் பிடிச்சதுக்கு அப்புறம் கழுத்துல கேமராவை மாட்டிக்கிட்டு தெருவுல திரியறது யோசிச்சு செய்யற காரியம். எதை எடுக்கக் கூடாதுன்னு இங்க வளர்ந்தவனுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியது இல்ல. சீருடை இருந்தா போன் பாக்கெட்டுக்குள்ள போயிரும், சாலைல மறிச்சு வச்சிருந்தா அடுத்த தெருவுக்குள்ள திரும்பிருவோம், வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி டீக்கடைல உக்காந்து ஒவ்வொரு படமா பாத்து, எவனாவது மாட்டக்கூடிய படம் இருந்தா அழிச்சிருவோம். அதுல சில நல்ல படமும் போயிருக்கு. போனா போகட்டும்.

மழைக்காலத்தைப் பத்தி தனியா எழுதணும், ஜூன்ல இருந்து அக்டோபர் வரைக்கும் வேற ஊர், முழங்கால் தண்ணியில சைக்கார் போற படம் எல்லாரும் எடுத்தாச்சு.

பின்சந்தைப் பத்தி ஒரு வார்த்தை. ரெண்டு நம்பர் தெருவுக்கு நடுவுல வீடுங்களோட முதுகுப்பக்கம் ஒரு ஒடுக்கமான சந்து போகும், சாக்கடைக்கு விட்ட இடம். மேல இருந்து குப்பையப் போட்டுப் போட்டு ஆள் உசரத்துக்கு ஏறிப் போய்க் கிடந்துச்சு. கொஞ்ச வருஷம் முன்னாடி ஒரு குழு வந்து சில சந்தைச் சுத்தம் பண்ணி, தரை போட்டு, சுவர்ல படம் வரைஞ்சு, பசங்க விளையாட ஊஞ்சல் எல்லாம் போட்டாங்க. நல்ல வேலைதான், குறை சொல்லல, ஆனா போட்டோ எடுக்கப் போறவன் எல்லாம் அந்தச் சுவர்ப் படத்துக்கு முன்னாடியே நிக்கிறான். நீங்க போனா அதைத் தாண்டி சுத்தம் பண்ணாத சந்து பக்கம் ஒரு பார்வை பாருங்க. சமையக்கட்டு ஜன்னல் எல்லாம் அங்கதான் திறக்கும். எந்த வீட்டுல நாப்பி, அதான் புளிக்க வச்ச மீன் விழுது, வதக்குறாங்க, எந்த வீட்டுல கடுகு தாளிக்கிறாங்கன்னு மூக்கே சொல்லிரும். 2011-க்கு அப்புறம் காண்டோ கட்டுறேன்னு நிறைய பழைய வீட்டை இடிச்சாங்க, 2012-ல ரங்கூன் பாரம்பரிய அறக்கட்டளை ஆரம்பிச்சு, பின்னாடி முக்கியமான கட்டடம் சிலதுக்கு நீலப் பலகை மாட்டினாங்க. நீலப் பலகை இருக்கிற கட்டடத்தை நான் இப்போ எடுக்கிறது இல்ல, அது பிழைச்சுக்கும். பலகை இல்லாத மூணு மாடி வீடு, மேல பலகணில மரச்சட்டம், நெத்தியில 1920-கள்ல ஒரு வருஷம், எவனோட இனிஷியலோ, அதைத்தான் எடுக்கிறேன்.

கீழ் பிளாக் முடிச்சு அன்னைக்கு பன்சொடான் வரைக்கும் நடந்துட்டோம். பிளாட்பாரத்துல பழைய புஸ்தகம் பரப்பி விக்கிற தெரு, பழைய சட்டப் புஸ்தகம், இங்கிலீஷ் டிக்‌ஷனரி, சில சமயம் அட்டைப்பெட்டில ஸ்டூடியோ போட்டோ கட்டுக்கட்டா கிடக்கும், யார் வீட்டு ஆல்பமோ பிரிஞ்சு வந்தது. துணில வரைஞ்ச தூணும் படிக்கட்டும் பின்னாடி, முன்னாடி வேட்டி கட்டின அப்பா, அரைக்கை ஜாக்கெட் போட்ட அம்மா, தலையில எண்ணெய் வழியற மூணு பிள்ளைங்க. பாத்தாலே தெரியுது நம்ம ஆளுங்கன்னு. ஊருக்கு அனுப்ப எடுத்த படமா இருக்கணும், பின்னாடி ஸ்டூடியோ சீல் மட்டும் இருக்கு, எழுத்து ஒண்ணும் இல்ல. நான் வாங்கலாம்னேன். மாப்ள வேணாம்னுட்டான். "எவனாவது அவன் பேரன் இந்தப் பக்கம் வருவான், கிடக்கட்டும்." வரமாட்டான்னு எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். கடைக்காரர் எங்க பேச்சு புரியாம விலையக் குறைச்சுக்கிட்டே வந்தார்.

மாப்ளைகிட்ட எனக்குப் பிடிச்ச ஒரே ஒழுங்கு, எடுத்த படத்தை பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய் ஆள்கிட்ட குடுத்துருவான். அவன் கடைல பேனர் அடிச்சு மிஞ்சுற பேப்பர் ஓரத்துல நாலு படம் சேத்துப் போட்டுக்குவான், முதலாளிக்குத் தெரியும், கண்டுக்க மாட்டார். அதனாலதான் ஒரே தெருவுக்குத் திரும்பத் திரும்பப் போறோம், குடுக்கவேண்டிய படம் பாக்கி இருந்துக்கிட்டே இருக்கும். நடு பிளாக் முக்குல வெத்தலக்கடை வச்சிருக்கிற ஒரு பர்மாக்கார அம்மாவோட படம் அப்படி ஒரு பாக்கி. அதை அவன் காலைல எட்டு மணிக்கு எடுத்திருந்தான், நான்தான் நச்சரிச்சு சீக்கிரம் எடுக்க வச்சேன். ஈரத்துணில வெத்தலைய விரிச்சு வச்சு, அலுமினியக் கிண்ணத்துல சுண்ணாம்பு, அதைக் குச்சியால ஒவ்வொரு இலையிலயும் ஒரு வட்டம் இழுத்து விடுவாங்க, பாக்குத் தூள், கொஞ்சம் ஏலக்காய், புகையிலை, மடிச்சு ஒரு பிளாஸ்டிக் பையில போட்டுக் குடுக்க ரெண்டு மூச்சு நேரம்தான் ஆகும். அந்தக் கை நல்லா வந்திருந்துச்சு படத்துல. மூஞ்சி நிழல்ல.

படத்தை வாங்கிப் பாத்தவங்க கை நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லல. "என்னப்பா, என்னை இவ்வளவு கறுப்பா எடுத்து வச்சிருக்க, இதை எம்பொண்ணுக்கு அனுப்பினா நான் சீக்குல கிடக்கேன்னு நினைச்சுப்பா"ன்னாங்க. பொண்ணு மலேசியாவுல வேலை பாக்குதாம். மணியைப் பாத்தேன், பன்னெண்டு ஆகப் போகுது, மாப்ள முகத்துல ஒரு சிரிப்பு. இருங்க இப்பவே எடுக்கிறேன்னு நின்னான். உடனே விடுவாங்களா, கடையப் பக்கத்துக் கடைக்காரர்கிட்ட ஒப்படைச்சுட்டு மாடிக்குப் போய் தனக்கா புதுசா அரைச்சுப் பூசி, நல்ல தமெய்ன், பொம்பளைங்க கட்டுற லுங்கி, ஒண்ணு கட்டிக்கிட்டு இறங்கி வந்தாங்க. கிண்ணத்துல வெயில் பட்டு அது தாடைக்கு அடியில அடிக்குது, எதிர்ச் சுவர் சந்தனக் கலர், இதை விட என்ன வேணும். நாலஞ்சு எடுத்தான். போன்ல காட்டினான். ஒவ்வொண்ணா தள்ளிப் பாத்தாங்க, மூஞ்சி நல்லா இருக்குன்னு ஒத்துக்கிட்டாங்க, அப்புறம் பின்னாடி தெரியுற சாக்கடை மூடியையும் ஜெனரேட்டரையும் விரலால தட்டிக் காட்டி, "இதையெல்லாம் எடுத்துட்டு பின்னாடி ஷ்வேடகோனை வச்சுத் தா, அடுத்த வாரம் வாங்கிக்கிறேன்"னுட்டாங்க. காசு குடுக்க வந்தாங்க, வேணாம்னதும் நாலு பொட்டலம் வெத்தலைய மடிச்சு அவன் பாக்கெட்டுல திணிச்சாங்க. மாப்ள இப்போ கடைல பேனர் டிசைன் பண்ற பையன்கிட்ட உக்காந்து ஆளைத் தனியா வெட்டி எடுக்கிறது எப்படின்னு கத்துக்கிட்டு இருக்கான், தலைமுடி ஓரம் மட்டும் சரியா வரமாட்டேங்குதாம்.